ஒரே கல்லில் மூன்று மாங்காய்: 2019 உலகக் கோப்பையின் நாலாம் நம்பர்

2019 ஏப்ரல் 15 அன்று மும்பையில் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கான இந்திய அணியின் பதினைந்து பேரை அறிவித்தார். அதில் பதின்மூன்று பெயர்கள் பெரும்பாலும் எதிர்பார்த்தவைதான். சண்டை மிச்சம் இரண்டில். நாலாம் நம்பருக்கு, அதாவது நாலாவதாக மட்டை பிடிக்க இறங்கும் இடத்துக்கு, அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு விஜய் சங்கரை எடுத்தது ஒன்று. தோனிக்கு மாற்றுக் கீப்பராக ரிஷப் பந்த்தை விட்டுவிட்டு தினேஷ் கார்த்திக்கை எடுத்தது இன்னொன்று.

அன்று எங்கள் அலுவலகத்தில் டீ ஆறிப்போனது. பக்கத்து இருக்கைக்காரர் ஹைதராபாத்காரர், ராயுடு ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய விசிறி. எனக்கோ, உள்ளே வந்த இரண்டு பேருமே தமிழ்நாட்டு அணிக்காரர்கள் என்பதில் வாயெல்லாம் பல். "உங்க ஊர் ஆளு உள்ள வந்துட்டா உங்களுக்கு எல்லாக் கணக்கும் சரியா வந்துடும் சார்" என்று அவர் குத்தினார். கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

அந்தச் சண்டையை இன்றுவரை எல்லோரும் "ராயுடுவா, சங்கரா" என்றே போடுகிறோம். நாலாம் நம்பர் ஒரு தகராறு, இரண்டாவது கீப்பர் வேறொரு தகராறு என்று தனித்தனியாகவே பேசினோம். இரண்டும் ஒரே தகராறு என்பதுதான் என் கட்சி. அதற்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் அன்றைய தேதியில் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துப் பார்த்துவிடலாம். பின்னால் நடந்ததை வைத்து மார்க் போடுவது யாருக்கும் சுலபம்.

முதலில் அந்த இடம் என்ன கேட்கிறது? ரோகித், தவன், கோலி மூவரும் அன்றைக்கு உலகத்திலேயே பயங்கரமான முதல் மூன்று பேர். அதுதான் சிக்கலே. அவர்கள் ஆடும் நாளில் நாலாம் நம்பருக்கு முப்பதாவது ஓவருக்குப் பிறகுதான் வேலை. வந்ததும் அடிக்க வேண்டும். அவர்கள் விழும் நாளில் நாலாவது ஓவரிலேயே கால்காப்பைக் கட்டிக்கொண்டு இறங்கி, புதுப் பந்தைப் பார்த்து ஆட வேண்டும். அதுவும் இங்கிலாந்தில், மேகம் சூழ்ந்த ஒரு காலை நேரத்தில். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கேட்பது, கல்யாண வீட்டில் சமையல்காரரையே பந்தியும் பரிமாறச் சொல்வது மாதிரி. சிலரால் முடியும். யாரால் முடியும் என்பதைக் கண்டுபிடிக்க இந்தியாவுக்கு 2015 உலகக் கோப்பையிலிருந்து நான்கு வருடம் இருந்தது.

அந்த நான்கு வருடத்தில் எத்தனை பேரை உட்காரவைத்து எழுப்பினார்கள் என்று நினைத்தால் தலை சுற்றும். ரஹானே, மணீஷ் பாண்டே, ஷ்ரேயஸ் ஐயர், கார்த்திக், ராகுல், தோனியே கூட. ரஹானே கதை மட்டும் ஒரு வரி: 2015 உலகக் கோப்பையில் மெல்போர்னில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நாலாம் நம்பரில் இறங்கி 79 அடித்தார். 2018 பிப்ரவரியில் டர்பனில் அதே அணிக்கு எதிராக, அதே நாலாம் நம்பரில், அதே 79. அந்தத் தொடர் முடிந்தபின் ஒருநாள் அணிப்பக்கமே அவரைக் காணோம். ரன் வேகம் போதாது என்பது அவர்மேல் இருந்த குறை. சரி, விட்டுவிடுவோம்.

ராயுடுவுக்கு வருவோம். 2018 ஐபிஎல்லில் சென்னைக்காக 602 ரன் குவித்து இந்திய அணிக்குள் வந்தார். வந்த வேகத்தில் யோயோ உடற்தகுதிச் சோதனையில் தேறாமல் இங்கிலாந்துப் பயணத்தைக் கோட்டைவிட்டார். செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் திரும்பினார். அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோது விசாகப்பட்டினத்தில் 73, மும்பை பிரபோர்ன் மைதானத்தில் 81 பந்தில் 100. அந்த மும்பை ஆட்டத்துக்குப் பிறகு கேப்டன் கோலியே, நாலாம் நம்பருக்குப் புத்திசாலியான ஆள் கிடைத்துவிட்டார், உலகக் கோப்பைவரை இவருக்குத் துணை நிற்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அடுத்த சில நாளில் ராயுடு நான்கு நாள் ஆட்டமே வேண்டாம், இனி வெள்ளைப் பந்து மட்டும்தான் என்று ரஞ்சிக் கிரிக்கெட்டையும் விட்டார். ஒரு மனிதன் ஒரே நாற்காலியை நம்பி மற்ற எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்து நின்றது போல.

அப்புறம் 2019. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் 0, அடிலெய்டில் 24. மூன்றாம் ஆட்டத்தில் வெளியே. நியூசிலாந்தில் திரும்ப உள்ளே வந்து அந்த ஒருநாள் தொடரில் இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவர் ஆனார்: மொத்தம் 190. அதில் 90 ரன் பிப்ரவரி 3 அன்று வெலிங்டனில் வந்தது. இந்தியா 18 ரன்னுக்கு 4 விக்கெட் இழந்த நிலையில் நின்று, 113 பந்து ஆடி எடுத்த 90. இங்கிலாந்துக்கு என்று எதைத் தேடிக்கொண்டிருந்தார்களோ அதற்கு ஒத்திகை பார்த்த மாதிரியான இன்னிங்ஸ். ஒரே மாதத்தில் ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு வந்தது. ஹைதராபாத் 13, நாக்பூர் 18, ராஞ்சி 2. அதோடு முடிந்தது.

மொத்தக் கணக்கு: 55 ஒருநாள் ஆட்டம், 1694 ரன், சராசரி 47. இந்தச் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்ற இந்திய நடுவரிசை ஆட்டக்காரர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் ராயுடு ரசிகர்கள் சொல்லாமல் விடுகிற விஷயமும் உண்டு. 33 வயது. ஓட்டம், களத்தடுப்பு இரண்டும் சுமார்தான். ஜனவரியில் சிட்னி ஆட்டத்தில் அவருடைய பந்துவீச்சு முறைமீது புகார் எழுந்தது. அதற்கான சோதனைக்கு அவர் குறித்த நாளுக்குள் போகவில்லை. சர்வதேச ஆட்டங்களில் அவர் பந்துவீச ஐசிசி தடை போட்டது. எப்போதாவது ஓரிரு ஓவர் போடுகிற ஆள்தானே என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சங்கரை எடுத்ததற்குப் பிரசாத் பின்னால் சொன்ன "மூன்று பரிமாணம்" என்ற சொல்லுக்கு அங்கேதான் விதை விழுந்தது என்று எனக்குத் தோன்றும். கோலி, ரோகித், தவன் யாரும் பந்து போடுவதில்லை. நாலாம் ஆளும் போடாவிட்டால், முதல் நாலு பேரில் ஒருவரும் உதவிக்கு வரமாட்டார்கள். ஐந்து பந்துவீச்சாளரில் ஒருவர் அடிவாங்கும் நாளில் கேப்டனுக்குப் பகுதிநேரச் சுழல் போடும் கேதார் ஜாதவை விட்டால் கதியில்லை.

இனி விஜய் சங்கர். திருநெல்வேலியில் பிறந்து தமிழ்நாட்டு அணியில் வளர்ந்தவர், 28 வயது. அவரை நாடு முழுக்கத் தெரியவைத்தது ஒரு தோல்விமுகம். 2018 மார்ச், கொழும்பு, பங்களாதேஷுக்கு எதிரான நிதாஹாஸ் கோப்பை இருபது ஓவர் இறுதி ஆட்டம். பதினெட்டாவது ஓவரில் முஸ்தாபிசுர் பந்தை மட்டையில் வாங்க முடியாமல் திணறினார்; 19 பந்தில் 17. அடுத்து வந்த கார்த்திக் 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தில் சிக்சரும் அடித்து அவரைக் காப்பாற்றினார் என்றே சொல்ல வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு வலைத்தளங்களில் வாங்கிய ஏச்சுக்கு வேறொருவர் என்றால் ஒடிந்துபோயிருப்பார். சங்கர் திரும்பி வந்தார். 2019 ஜனவரியில் மெல்போர்னில் ஒருநாள் அறிமுகம். மார்ச் 5, நாக்பூர்: முதலில் 41 பந்தில் 46. நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது கோலி அடித்த நேர்ப் பந்து பந்துவீச்சாளர் கையில் பட்டு ஸ்டம்பில் விழ, எதிர்முனையில் ரன் அவுட். அப்புறம் கடைசி ஓவர். ஆஸ்திரேலியாவுக்கு 11 ரன் தேவை. பந்தைக் கோலி சங்கரிடம் கொடுத்தார். முதல் பந்தில் ஸ்டாய்னிஸ் அவுட், மூன்றாவது பந்தில் ஸாம்பா அவுட். ஆட்டம் முடிந்தது. கொழும்பில் கைநழுவியதை நாக்பூரில் மீட்டுக்கொண்டார்.

அந்த ஓவரைப் பார்த்தவர்களுக்கு அவர்மீது ஒரு நம்பிக்கை வந்திருந்தால் தப்பில்லை. எனக்கும் வந்தது. ஆனால் தாளில் இருந்த கணக்கு இது: உலகக் கோப்பைக்கு முன் 9 ஆட்டம், 165 ரன், 2 விக்கெட். ஒரு அரைச் சதம் இல்லை. அந்த ஒன்பதில் ஒன்றில்கூட அவர் நாலாம் நம்பரில் இறங்கியதில்லை.

பிரசாத் சொன்ன காரணம் என்ன? சாம்பியன்ஸ் டிராபிக்குப் பிறகு நடுவரிசைக்குப் பலரை முயன்று பார்த்தோம், ராயுடுவுக்கும் வாய்ப்பு கொடுத்தோம். சங்கரோ மட்டை பிடிப்பார், மேகமூட்டம் இருந்தால் பந்துவீசுவார், களத்தில் நன்றாக ஓடுவார், ஆக மூன்று பரிமாணம். மறுநாள் ராயுடு, உலகக் கோப்பை பார்க்கப் புதிதாக 3டி கண்ணாடி வாங்கியிருக்கிறேன் என்று ட்விட்டரில் போட்டார். நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பிரசாத் சொன்னதன் நியாயம் அடிபட்டுப் போனது. அதை இங்கே கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பதினைந்தில் முழுநேர வேகப்பந்து வீச்சாளர்கள் மூன்றே பேர்: பும்ரா, ஷமி, புவனேஷ்வர். நாலாவது ஆள் ஹர்திக் பாண்டியா. அவரோ முந்தைய செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் முதுகைப் பிடித்துக்கொண்டு தூக்குப்படுக்கையில் போனவர். ஆறு வாரம் நடக்கும் போட்டிக்கு, இங்கிலாந்துக்கு, மூன்றரை வேகப்பந்து வீச்சாளர்களோடு போவது துணிச்சல். ஆகவே வேகம் போடத் தெரிந்த ஒரு மட்டையாளர் தேவை என்ற கணக்கு கிறுக்குத்தனம் இல்லை. சங்கர் பதினைந்து பேரில் இருக்க முழு நியாயம் உண்டு. நாலாம் நம்பராக இருக்க நியாயம் உண்டா என்பதுதான் கேள்வி. தேர்வுக் குழு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது. வேகப்பந்துக்கு ஒரு காப்பீடு, நாலாம் நம்பருக்கு ஒரு மட்டையாளர், களத்தில் ஒரு நல்ல கை. இரண்டு மாங்காய்க்கே ஒரு கல் பத்தாத இடத்தில் மூன்றுக்குக் குறிவைத்தார்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 2003 உலகக் கோப்பைக்கு வி.வி.எஸ். லட்சுமணை விட்டுவிட்டு தினேஷ் மோங்கியாவை எடுத்தார்கள். மோங்கியா இடக்கைச் சுழலும் கொஞ்சம் போடுவார், களத்தில் சுறுசுறுப்பு. அதே கணக்கு. வெளியே நின்றவரும் அதே ஹைதராபாத். எங்கள் அலுவலக நண்பர் இதைச் சொல்லும்போது குரல் மாறும். பதினாறு வருடத்தில் இரண்டு முறை என்று விரல் காட்டுவார். சதி எல்லாம் இல்லை. ஆனால் பகுதிநேரப் பந்துவீச்சு என்ற இனாமுக்கு ஆசைப்பட்டு முழுநேர மட்டையை விடுவது இந்தியத் தேர்வாளர்களுக்கு ஒரு சபலம் என்பதை மறுக்க முடியாது. எல்லாருக்கும் கண்முன்னால் நிற்பது 2011-ன் யுவராஜ்: 362 ரன், 15 விக்கெட். அப்படி ஒருவர் தலைமுறைக்கு ஒருமுறை வருவார். அவருடைய அளவுச் சட்டையைத் தைத்து வைத்துக்கொண்டு ஆள் தேடினால் யார் போட்டாலும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

மூன்றாவது ஆள் கே.எல். ராகுல். அணியை அறிவித்தபோது அவருக்குக் கொடுத்த வேலை மாற்றுத் தொடக்க ஆட்டக்காரர். புதுப் பந்தையும் ஆடுவார், கடைசியில் அடிக்கவும் செய்வார். நான் மேலே சொன்ன இரண்டு வேலைக்கும் இந்தப் பட்டியலில் மிகப் பொருத்தமான கை அவருடையது. அவர் மேல் இருந்த சந்தேகம் கையைப் பற்றியதல்ல, மனதைப் பற்றியது. வருடத் தொடக்கத்தில்தான் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பேச்சுக்காக ஹர்திக்கோடு சேர்ந்து இடைநீக்கம் வாங்கியிருந்தார். ஆடும்போதும் ஒரு நாள் ராஜா, மறுநாள் ஆளைக் காணோம். மே மாதக் கடைசியில் கார்டிஃபில் பங்களாதேஷுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் நாலாம் நம்பரில் 108 அடித்தார். சரி, இடம் நிரம்பிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். ஏப்ரலிலேயே சங்கருக்கு என்று சொன்ன நாற்காலி ஜூனில் ராகுலுக்குப் போனது. தேர்வுக் குழு ஒன்று நினைக்க, அணி நிர்வாகம் வேறொன்று நினைத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ராகுலைப் பற்றி அப்போது யாரும் கண்டுகொள்ளாத ஒரு விஷயம்: 2018 ஐபிஎல்லில் பஞ்சாப் அணிக்கு அவர்தான் விக்கெட் கீப்பர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலியையே நாலாம் நம்பருக்கு இறக்கினால் என்ன என்று பயிற்சியாளர் ரவி சாஸ்திரி பிப்ரவரியில் ஒரு யோசனை சொன்னார். மொகாலியில் ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். உலகின் தலைசிறந்த மூன்றாம் ஆளை நாலாம் இடத்துக்கு மாற்றினால் ஓட்டை மூன்றாம் இடத்துக்குப் போகுமே தவிர அடைபடாது. இதற்கு இவ்வளவு போதும்.

பந்த், கார்த்திக். பந்த்துக்கு 21 வயது. அதற்குள் ஓவலில் ஒரு டெஸ்ட் சதம், சிட்னியில் 159. ஆனால் ஒருநாள் ஆட்டம் ஐந்துதான். மார்ச்சில் மொகாலியில் ஆஷ்டன் டர்னரை ஸ்டம்பிங் செய்யக் கிடைத்த வாய்ப்பை விட்டார். டர்னர் 43 பந்தில் 84 அடித்து 359-ஐத் துரத்தி முடித்தார். கூட்டம் "தோனி, தோனி" என்று கத்தியது. பாவம், அந்தக் கூச்சலோடு கீப்பிங் செய்வது யாருக்கும் சுலபமில்லை. நாலாம் நம்பருக்கு அவர் கொண்டுவருவது இடதுகை. முதல் ஏழு பேரில் தவனை விட்டால் இடதுகையே இல்லாத அணிக்கு அது சின்ன விஷயமல்ல. அவர் கொண்டுவராதது நிதானம்.

கார்த்திக்கிடம் நிதானம் உண்டு. 2004-ல் லார்ட்ஸில் அறிமுகமானவர். முக்கியமான ஆட்டத்தில் தோனியால் ஆட முடியாமல் போனால் கீப்பிங் தெரிந்த, பதற்றப்படாத கை வேண்டும் என்பது பிரசாத் சொன்ன காரணம். 2017 அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக நாலாம் நம்பரில் இறங்கி ஆட்டமிழக்காமல் 64 எடுத்து ஜெயிக்க வைத்ததும் அவர்தான். ஆனால் அதே வருடம் டிசம்பரில் தர்மசாலாவில், காலைப் பனியில் பந்து ஆடியபோது, 18 பந்து நின்று 0. கார்த்திக் கடைசிப் பத்து ஓவரின் ஆள். பந்து புதிதாக இருக்கையில் அவரை இறக்குவது அவருக்குச் செய்யும் உதவி இல்லை.

இங்கேதான் இரண்டு தகராறும் ஒன்றாகின்றன.

பதினைந்து பேர் என்றால் ஆடும் பதினொன்றுக்கு மேல் நாலு நாற்காலி. அந்த நாலில் ஒவ்வொன்றும் ஒரு விபத்துக்கான பதில். தொடக்க ஆட்டக்காரருக்குக் காயம் என்றால் யார்? வேகப்பந்து வீச்சாளருக்கு என்றால் யார்? கீப்பருக்கு என்றால் யார்? தேர்வுக் குழு இந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருந்தது: ராகுல், சங்கர், கார்த்திக். ஆனால் ராகுலே நாலாம் நம்பரில் ஆடிக்கொண்டிருக்கும்போது தொடக்க ஆட்டக்காரருக்கு அடிபட்டால் ராகுல் மேலே போவார். அப்போது நாலில் யார்? அந்தக் கேள்விக்கு அவர்களிடம் இருந்த பதில் நாலாம் நம்பரில் ஒருமுறையும் ஆடாத சங்கர் அல்லது கடைசிப் பத்து ஓவருக்கான கார்த்திக்.

என் கையில் தாள் இருந்திருந்தால்: ராகுல்தான் நாலாம் நம்பர், அதை ஏப்ரலிலேயே அவரிடம் சொல்லியிருப்பேன். சங்கரும் உண்டு, ஆனால் ஹர்திக்கின் நிழலாக, ஏழாம் நம்பரிலும் நாலாவது வேகப்பந்துக்கும். ராயுடுவையும் எடுத்திருப்பேன், ராகுல் மேலே போனால் அந்த இடத்தில் இறங்க. அப்படியென்றால் வெளியே யார்? கார்த்திக். இரண்டாவது கீப்பர் வேலையை ராகுல் செய்வார். தோனிக்கு உண்மையிலேயே பெரிய காயம் என்றால் பந்த் விமானம் ஏறி வரட்டும், லண்டன் ஒன்றும் செவ்வாய்க் கிரகம் இல்லை. தமிழ்நாட்டுக்காரனாக இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. கொழும்பின் கடைசிப் பந்து சிக்சரை இருபது முறையாவது பார்த்தவன் நான். ஆனாலும் கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ராகுல் ஐம்பது ஓவர் ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கீப்பராக நின்றதில்லை; குல்தீப், சாஹல் என்று இரண்டு மணிக்கட்டுச் சுழலர்களுக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்பது விளையாட்டில்லை. காலையில் தோனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அன்றைய ஆட்டத்துக்குப் பந்த் வந்து சேரமாட்டார். பிரசாத் பயந்தது இதற்குத்தான். ஒரே ஒரு ஆட்டத்துக்கான அந்த ஆபத்தை நான் எடுத்திருப்பேன். அவர் எடுக்கவில்லை. இன்னொன்று, ராயுடுவின் கடைசி மூன்று இன்னிங்ஸும் சரி, அந்த வருட ஐபிஎல்லும் சரி, அவருக்குக் கைகொடுக்கவில்லை. அறிவிப்பு நாளன்று ராயுடு வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லாம் கிரிக்கெட் தெரியாதவர்கள் இல்லை. நானும் அவர்களில் ஒருவன்தான், சங்கருக்குக் கைதட்டியவன்.

அப்புறம் நடந்தது. ஜூன் 9 அன்று ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 117 அடித்த தவன், அந்த இன்னிங்ஸிலேயே கட்டைவிரல் முறிந்து வெளியேறினார். ராகுல் தொடக்கத்துக்குப் போனார். நாலாம் நம்பரில் அந்த உலகக் கோப்பை முழுக்க இறங்கியவர்கள்: முதல் ஆட்டத்தில் ராகுல் 26; ஹர்திக் 48, 26; சங்கர் 29, 14; தவனுக்குப் பதிலாக வந்த பந்த் 32, 48, 4, மறுபடி 32. ஒன்பது இன்னிங்ஸ், நாலு பேர், ஒரு அரைச் சதம் இல்லை. ரோகித் ஐந்து சதம், 648 ரன் என்று அடித்துத் தள்ளியதால் அந்த ஓட்டை அரையிறுதிவரை யார் கண்ணிலும் படவில்லை.

சங்கரின் பரிமாணங்களுக்கு என்ன ஆயிற்று? பாகிஸ்தானுக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டில் புவனேஷ்வர் தொடைத் தசைப் பிடிப்பால் ஓவர் நடுவில் வெளியேற, மிச்சம் இருந்த இரண்டு பந்தைப் போட வந்தார். உலகக் கோப்பையில் அவர் போட்ட முதல் பந்திலேயே இமாம் உல் ஹக் எல்பிடபிள்யூ. காப்பீடு பலித்தது! அன்று அவர் 5.2 ஓவர், 22 ரன், 2 விக்கெட். அடுத்த இரண்டு ஆட்டத்தில் அவர் கையில் பந்தையே கொடுக்கவில்லை. மூன்று பரிமாணத்துக்காக எடுத்த ஆளை ஒற்றைப் பரிமாணத்தில் வைத்து, அதுவும் அவருக்குப் பழக்கமில்லாத ஒற்றைப் பரிமாணத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, போதாது என்றோம். வலையில் பும்ராவின் யார்க்கர் கால்விரலைப் பதம் பார்த்ததோடு ஜூலை 1 அன்று அவர் பயணம் முடிந்தது.

அவருக்குப் பதிலாக யாரை அழைத்தார்கள்? மாற்றுப் பட்டியலில் பெயர் இருந்த ராயுடுவை இல்லை. மயங்க் அகர்வால், அதுவரை ஒரு ஒருநாள் ஆட்டமும் ஆடாத தொடக்க ஆட்டக்காரர். தவன் இல்லாததால் மாற்றுத் தொடக்க ஆட்டக்காரர் வேண்டும் என்று அதற்கும் ஒரு கணக்கு உண்டுதான். ஆனால் நாலாம் நம்பருக்குப் போன ஆள் உடைந்து வந்த இடத்தில், நாலாம் நம்பருக்கென்று காத்திருப்பில் வைத்தவரைக் கூப்பிடவில்லை என்றால் காத்திருப்புப் பட்டியல் எதற்கு? ஏப்ரல் முடிவை நான் தவறு என்பேனே தவிர அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஜூலை முடிவை அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ராயுடு எல்லா வகை ஆட்டத்திலிருந்தும் ஓய்வு என்று கடிதம் எழுதினார். ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றது வேறு கதை.

ராகுலைக் கீப்பராக நிறுத்தலாம் என்று இந்திய அணிக்கு 2020 ஜனவரியில், பந்த் தலையில் அடிபட்டு வெளியேறிய ஒரு தொடரில்தான் உதித்தது. 2023 உலகக் கோப்பையில் அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஐந்தாம் நம்பரில் 452 ரன் எடுத்தார்; நாலில் ஷ்ரேயஸ் 530. ஹைதராபாத்காரருக்கு இதைச் சொல்லிக் காட்டினேன். அவர் அதற்குப் பதிலே சொல்லாமல், கைப்பேசியில் பழைய ஸ்கோர் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். வெலிங்டன், 2019 பிப்ரவரி 3.

18 ரன்னுக்கு 4 விக்கெட். அந்த நாலையும் ஆளுக்கு இரண்டாக எடுத்தவர்கள் நியூசிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஹென்றியும் போல்ட்டும். ஐந்தாம் விக்கெட்டுக்கு அவர்களைச் சமாளித்து 98 ரன் சேர்த்தவர்கள் ராயுடுவும் விஜய் சங்கரும்; ஒருவர் 90, இன்னொருவர் 45. இந்தியா 252 எடுத்து 35 ரன்னில் ஜெயித்தது.

ஜூலை 10, ஓல்ட் டிராஃபோர்ட், அரையிறுதி. எதிரே அதே ஹென்றி, அதே போல்ட். ரோகித், ராகுல், கோலி ஆளுக்கு ஒரு ரன். 5 ரன்னுக்கு 3. நாலில் பந்த், ஐந்தில் கார்த்திக். கார்த்திக் முதல் ரன் எடுக்க 21 பந்து ஆயிற்று. 25 பந்தில் 6 எடுத்து அவுட் ஆனபோது ஸ்கோர் 24-க்கு 4. ஜடேஜா 77-ம் தோனி 50-ம் எடுத்தும் 18 ரன் குறைந்தது. வெலிங்டனில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் ஓய்வை அறிவித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மற்றவர் உடைந்த கால்விரலோடு ஊர் திரும்பியிருந்தார்.